மூடூல்ஸ் பட்டறை: ஆளில்லாமல் போன ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்

டாலர் குறிக்கு இரண்டு முதலாளிகள் இருந்த ஓர் இணையதளத்தைச் சில காலம் பராமரித்திருக்கிறேன். இணையதளம் கட்டவும் நடத்தவும் உதவும் ஜூம்லா என்ற மென்பொருளில் கட்டிய தளம். மெனு விரிவதும் சுருங்குவதும் மூடூல்ஸின் வேலை; பின்னால் வந்த ஒருவர் சேர்த்த படக்காட்சி ஜேகுவெரியின் வேலை. இரண்டும் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நூலகங்கள், அதாவது மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்புகள். இரண்டும் '$' என்ற ஒற்றைக் குறியைத் தலைவாசலாக வைத்திருந்தன. மூடூல்ஸில் டாலர் போட்டு அடைப்புக்குள் ஓர் ஐடியை எழுதினால் அந்த உறுப்பே கைக்கு வரும். ஜேகுவெரியில் அதே ஐடிக்கு முன்னால் '#' போட வேண்டும். கைக்கு வருவது உறுப்பைச் சுற்றிய ஓர் உறை. பக்கத்தில் எந்தக் கோப்பு கடைசியாக ஏறுகிறதோ, டாலர் அதற்குச் சொந்தம். வரிசையை மாற்றினால் மெனு விரியும், படக்காட்சி உறைந்து நிற்கும். மறுபடி மாற்றினால் படம் ஓடும், மெனு வாயைத் திறக்காது. ஜேகுவெரியின் 'நோகான்ஃப்ளிக்ட்' வரியைச் சேர்த்து டாலரை மூடூல்ஸிடமே திருப்பிக் கொடுத்த பிறகுதான் இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தின.

சில மாதம் கழித்துத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும். எதை என்று ஒரு நிமிடம்கூட யாரும் பேசவில்லை. மூடூல்ஸ் போனது. இந்த இரண்டில் எதன் மூலநிரல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டிருந்தால், அந்த அறையில் இருந்த மூன்று பேரும் மூடூல்ஸ் என்றுதான் சொல்லியிருப்போம். நன்றாக எழுதப்பட்டது ஏன் பேச்சுக்கே இடமில்லாமல் வெளியேறியது என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. காரணத்தை நிரலில் தேடிக்கொண்டிருந்தேன். அது நிரலை எழுதிய ஆட்களிடம் இருந்தது.

மொழியைத் திருத்தியவர்கள்

இத்தாலியரான வலேரியோ புரொயேத்தி 2005 அக்டோபரில் 'மூ.எஃப்எக்ஸ்' என்ற சின்ன அசைவூட்ட நூலகத்தை வெளியிட்டார். அளவு 3 கிலோபைட். அது தனியாக நிற்காது. இணையச் செயலிகள் கட்டும் ரூபி ஆன் ரெயில்ஸ் உலகத்திலிருந்து வந்த புரோட்டோடைப் நூலகத்தின் தோளில் ஏறித்தான் நின்றது. மறு ஆண்டு செப்டம்பரில் அந்தத் தோளை விட்டு இறங்கிச் சொந்தக் காலில் நின்றபோது அதன் பெயர் மூடூல்ஸ் ஆனது. விரித்தால் 'மை ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டூல்ஸ்'. 'என்னுடைய' என்ற சொல் பெயரிலேயே இருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்றைய ஜாவாஸ்கிரிப்ட் வறுமையான மொழி. ஒரே அச்சில் பல பொருள்களை வார்க்க உதவும் 'வகுப்பு' கிடையாது. ஒரு பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் 'ஃபார்ஈச்' கூட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல் இல்லை. இந்த வறுமைக்கு இரண்டு வைத்தியங்கள் இருந்தன. ஜான் ரெசிக் 2006 ஜனவரியில் அறிமுகப்படுத்திய ஜேகுவெரி, மொழியைத் தொடாமல் பக்கத்தில் உள்ள உறுப்புகளை ஓர் உறையில் போட்டு, அந்த உறைக்கு வசதிகளைக் கொடுத்தது. மூடூல்ஸ் மொழியையே திருத்தியது. பட்டியல், சரம் (எழுத்துத் தொடர்), எண், ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) என்று மொழியின் அடிப்படை வகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் அச்சு உண்டு. அதற்குப் 'புரோட்டோடைப்' என்று பெயர்; மேலே சொன்ன நூலகம் வேறு, இது வேறு. அந்த அச்சில் ஒரு மெத்தடை, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் ஒரு செயலைச் சேர்த்துவிட்டால், பக்கத்தில் பிறக்கும் எல்லாப் பட்டியல்களுக்கும் எல்லாச் சரங்களுக்கும் அது தானாக வந்துவிடும். மூடூல்ஸ் அங்கேதான் கை வைத்தது.

எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். ஒரு ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'டிலே' என்று எழுதி அடைப்புக்குள் 500 போட்டால், அரை விநாடி கழித்து அது ஓடும். பட்டியலுக்குள் பட்டியல் அடைந்து கிடந்தால் 'ஃப்ளாட்டன்' என்று ஒரு சொல். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு சரத்துக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க 'கன்டெய்ன்ஸ்'. இவற்றின் மேல் ஒரு வகுப்பு முறை: 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று பெற்றோரைக் குறிப்பிடலாம், 'இம்ப்ளிமென்ட்ஸ்' என்று பல இடங்களிலிருந்து குணங்களைக் கடன் வாங்கலாம், தாய் வகுப்பின் வேலையை 'பேரண்ட்' என்று அழைக்கலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கு அதிகாரபூர்வமாக 'கிளாஸ்' என்ற சொல் வந்தது 2015-இல். மூடூல்ஸ்காரர்கள் ஒன்பது வருடம் முன்னாலேயே அந்தச் சுகத்தில் இருந்தார்கள்.

கடன் வாங்கிய நிலத்தில் கட்டிய வீடு இது. நிலத்துக்காரர் ஒரு நாள் திரும்பி வருவார் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பட்டறையின் பழக்கங்கள்

மூடூல்ஸின் பங்களிப்புப் பண்பாட்டை ஒரு நல்ல பட்டறையோடு ஒப்பிடுவேன். நூலகத்தின் மையப் பகுதியை எழுதும் கோர் குழு என்று ஒன்று இருந்தது. கதவைத் தட்டி உள்ளே போகிற இடமல்ல, கை நேர்த்தியைப் பார்த்து உள்ளிருப்பவர்கள் கூப்பிடுகிற இடம். நிரலின் இடைவெளி விடும் முறையிலிருந்து மெத்தடின் பெயர் வரை எல்லாவற்றுக்கும் ஒரு ரசனை உண்டு. அந்த ரசனையை எங்கும் எழுதிவைத்துக் கற்றதாக எனக்கு நினைவில்லை. மூலநிரலைப் படித்துப் படித்துத்தான் பிடிபட்டது. நான் உட்பட என் தலைமுறையில் பலர் ஜாவாஸ்கிரிப்டை ஒழுங்காகக் கற்றதே மூடூல்ஸின் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

பட்டறைக்குப் போட்டி மனப்பான்மையும் இருந்தது. 'ஸ்லிக்ஸ்பீட்' என்ற சோதனைப் பக்கம் மூடூல்ஸ் தரப்பிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் உள்ள உறுப்புகளைத் தேடிப் பிடிக்கும் குறிப்புகளான செலக்டர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கும், மேலே நூலகங்களின் பெயர்கள். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கட்டத்திலும் மில்லிவிநாடி எண்ணிக்கை விழும். அந்த அட்டவணையில் தோற்ற நூலகங்கள் தம் செலக்டர் நிரலைத் தீட்டிக்கொண்டு திரும்பி வந்தன. இணையம் முழுவதும் அதனால் கொஞ்சம் வேகமானது. பதிவிறக்கப் பக்கமும் அப்படித்தான்: தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம், ஒன்றைத் தொட்டால் அது சார்ந்திருக்கும் மற்றவையும் தாமாகத் தேர்வாகும். நிரல் தொகுதிகளை அவற்றுக்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கொண்டுவரும் பேக்கேஜ் மேலாளர்கள் பின்னாளில் செய்யப்போகும் வேலையை ஒரு வலைப்பக்கத்தில் செய்துவைத்திருந்தார்கள்.

ஜேகுவெரியின் வழி வேறு. அது ஊர் கூடி இழுக்கும் தேர். இழுப்பவர் எல்லோரும் சிற்பியாக இருக்க வேண்டியதில்லை. வடத்தில் கை வைக்க இடம் இருந்தால் போதும். அந்த வடம் மிக நீளம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மட்டும் தெரிந்த வடிவமைப்பாளர்கூட ஒரு மாலைக்குள் ஒரு பிளகின், அதாவது நூலகத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல், எழுதிவிடலாம். பாதிக்கு மேல் குப்பை என்று பட்டறைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்; அவர்கள் சொன்னது பொய்யும் அல்ல. அந்தக் குப்பையை எழுதியவர்களில் ஒரு சிலர் அடுத்த வருடம் நல்ல நிரல் எழுதினார்கள், ஆவணத்தைத் திருத்தினார்கள், புதியவர்களுக்குப் பதில் சொன்னார்கள். மூடூல்ஸில் புதியவருக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் சரியானதாக இருந்தது, ஆனால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. 'முதலில் மொழியைக் கற்றுக்கொள்' என்பது நல்ல அறிவுரை. மாலை ஐந்து மணிக்குள் மெனுவைச் சரிசெய்து கொடுக்க வேண்டியவனிடம் சொன்னால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

இந்த வேறுபாட்டை வெளிப்படையாகப் பேசியவர் ஆரன் நியூட்டன். சிநெட் நிறுவனத்தில் எழுதிய நிரல்களோடு மூடூல்ஸுக்கு வந்தவர். 'மூடூல்ஸ் மோர்' என்ற அதிகாரபூர்வப் பிளகின் தொகுப்பு வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது. இரண்டு நூலகங்களையும் ஒப்பிட்டு 2009-இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். சண்டைக்கு எழுதிய கட்டுரை அல்ல. ஜேகுவெரி பக்கத்து உறுப்புகளைக் கையாளச் சிறந்தது, மூடூல்ஸ் முழு மொழியையும் தன் எல்லையாகக் கொண்டது, உங்களுக்கு எது தேவை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் இருக்கும். பட்டறையின் வாசலில் நின்று வருகிறவர்களிடம் தன்மையாகப் பேசியவர் அவர். அந்த வாசலில் இன்னும் நாலு பேர் நின்றிருக்கலாம்.

சந்தை இதற்குள் நகர்ந்துவிட்டது. ஜூம்லாவைப் போன்ற தளம் கட்டும் மென்பொருளான டுரூபல் 2007 ஜனவரியில் வந்த 5ஆம் பதிப்பிலேயே ஜேகுவெரியைச் சேர்த்துக்கொண்டது. அதே வகையைச் சேர்ந்த வேர்ட்பிரஸும் ஜேகுவெரியின் பக்கம். 2008 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் ஜேகுவெரியைத் தம் தளங்களில் சேர்ப்பதாக அறிவித்தன. மூடூல்ஸின் கையில் இருந்த பெரிய வீடு ஜூம்லா ஒன்றுதான்.

மேம்பாடு என்ற பெயரில் விழுந்த விரிசல்

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் பட்டறைப் பண்பாட்டின் விலை தெரியும். 2008 ஜனவரியில் வந்த ஜூம்லா 1.5, மூடூல்ஸின் 1.1 வரிசையோடு வந்தது. ஜூன் மாதமே மூடூல்ஸ் 1.2 வெளியானது. அழகான பதிப்பு, சந்தேகமில்லை. 'ஏஜாக்ஸ்' என்ற வகுப்பு 'ரிக்வெஸ்ட்' ஆனது. 'செட்எச்டிஎம்எல்' என்று இருந்தது, 'செட்' என்ற பொது மெத்தடுக்குள் 'எச்டிஎம்எல்' என்று பெயர் சொல்லும் முறைக்கு மாறியது. பெயர்களில் ஒழுங்கு வந்தது. பழைய பெயர்களை நம்பி எழுதிய பிளகின்கள் எல்லாம் உடைந்தன.

ஜூம்லாவால் நடு வழியில் வண்டியை மாற்ற முடியவில்லை. ஆயிரக்கணக்கான தளங்கள் 1.1-இலேயே நின்றன. நூலகத்தின் ஆவணம் 1.2-க்கு, கேள்வி கேட்டால் கிடைக்கும் பதில் 1.2-க்கு, கையில் இருப்பது 1.1. விரும்பினால் 1.2-க்கு மாற்றிக்கொள்ள ஒரு தனிப் பிளகினை ஜூம்லா 1.5-இன் கடைசிக் காலத்தில்தான் சேர்த்தார்கள். அதற்குள் பிளகின் எழுதுகிறவர்களில் பலர் நான் செய்ததைப் போலவே 'நோகான்ஃப்ளிக்ட்' போட்டு ஜேகுவெரியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

2010 அக்டோபரில் வந்த 1.3 மீண்டும் ஒரு சுற்றுத் திருத்தம். இந்தத் தடவை நியாயம் இருந்தது. 2009 டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் தரநிலை வந்து, 'பைண்ட்' போன்ற பெயர்களை மொழியே தனக்கென எடுத்துக்கொண்டது. மூடூல்ஸின் 'பைண்ட்' வேறு மாதிரி இயங்கியது. அதைத் தரநிலைக்கு ஏற்ப வளைத்தார்கள். பழைய நிரல் உடையாமல் இருக்க ஒத்திசைவு அடுக்கு ஒன்றையும் இம்முறை கூடவே கொடுத்தார்கள். பாடம் கற்றார்கள், காலம் கடந்து கற்றார்கள். 2012 செப்டம்பரில் ஜூம்லா 3.0 ஜேகுவெரியையும், பக்க வடிவமைப்புத் தொகுப்பான பூட்ஸ்டிராப்பையும் எடுத்துக்கொண்டது. மூடூல்ஸ் பழைய வாடகைக்காரராக ஒரு மூலையில் தொடர்ந்து இருந்து, 2021 ஆகஸ்டில் வந்த ஜூம்லா 4-இல் மூட்டையைக் கட்டியது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கருவிகளைப் பொறுத்தவரை மூடூல்ஸ்காரர்கள் முன்னால்தான் நடந்தார்கள். 2009 டிசம்பரில் 'ஃபோர்ஜ்' என்ற பிளகின் களஞ்சியத்தைத் திறந்தார்கள். ஃபோர்ஜ் என்றாலே கொல்லன் பட்டறை. பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள், நான் ஒட்டவில்லை. கட்டியவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கில்லெர்மோ ரவுச். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள உங்கள் களஞ்சியத்தில், யாமல் என்ற எளிய எழுத்து வடிவில் உள்ள ஒரு சிறு கோப்பில் பெயர், ஆசிரியர், குறிச்சொற்களை எழுதிவைத்தால் போதும். ஃபோர்ஜ் அதைப் படித்துப் பிளகின் பக்கத்தைத் தானே கட்டிவிடும். ஜேகுவெரி இதே போன்ற கிட்ஹப் சார்ந்த பதிவகத்தைத் திறந்தது 2013 ஜனவரியில். மூன்று வருட முன்னிலை.

அந்த முன்னிலை ஆளைச் சேர்க்கவில்லை. ஏன் என்பதற்கு இன்னொரு கருவியைக் காட்டுகிறேன். மூடூல்ஸின் ஒவ்வொரு மூலக் கோப்பும் ஒரு குறிப்புரையோடு தொடங்கும்: இதன் பெயர் என்ன, எதெது இதற்குத் தேவை, இது எதைத் தருகிறது. 'பேக்கேஜர்' என்ற நிரல் அந்தக் குறிப்புகளைப் படித்துக் கோப்புகளைச் சரியான வரிசையில் கோத்துத் தரும். அருமையான யோசனை. அந்தப் பேக்கேஜர் பிஹெச்பி என்ற வேறொரு நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஆக, ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆள் முதலில் தன் கணினியில் பிஹெச்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு தொல்லையே இல்லை; எல்லோரிடமும் அது இருந்தது. வெளியே நிற்பவருக்கு அது படி. படிகளை யாரும் வேண்டுமென்றே உயரமாகக் கட்டவில்லை. ஏறிப் பழகியவர்களின் கால் அந்த உயரத்தை மறந்துவிட்டது.

கைகள் இடம் மாறின

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மூடூல்ஸுக்கு மிகவும் கெடுதல் செய்த பகுதியும் இதுதான்.

கோர் குழுவில் இருந்த டாம் ஒக்கினோ ஃபேஸ்புக்கில் சேர்ந்தார். ஆஸ்திரியரான கிறிஸ்டோஃப் போயர், ஸ்வீடனைச் சேர்ந்த செபாஸ்டியன் மார்க்போகே, யான் காசென்ஸ் ஆகியோரும் அங்கே போனார்கள். 2013 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டு மேடையில், ஜோர்டன் வாக் உருவாக்கிய, திரை இடைமுகங்களைக் கட்டும் ரியாக்ட் நூலகத்தை அவரோடு நின்று உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒக்கினோதான். மார்க்போகே பின்னால் ரியாக்டின் திசையைத் தீர்மானிப்பவர்களில் ஒருவரானார். போயர் ஜெஸ்ட் சோதனைக் கருவியை வளர்த்தார். 2016 அக்டோபரில் யார்ன் என்ற பேக்கேஜ் மேலாளர் வந்தபோது அறிவிப்பில் அவர் பெயரும் இருந்தது. ரவுச் ஃபேஸ்புக் பக்கம் போகவில்லை, உலாவிக்கும் சர்வருக்கும் இடையே உடனுக்குடன் செய்தி அனுப்பும் சாக்கெட்.ஐஓ நூலகத்தை எழுதினார், பின்னர் இன்று வெர்சல் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார், ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட்.ஜேஎஸ் அங்கிருந்து வந்தது. மார்க்போகேயும் ஒக்கினோவும் ஃபேஸ்புக்கை விட்டபின் போய்ச் சேர்ந்ததும் அதே வெர்சல்தான். பழைய பட்டறை வேறு ஊரில் மறுபடி கூடியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பட்டறைச் சாமான்கள்கூடக் கூடவே போயின. 'ஆர்ட்' என்ற வெக்டர் வரைகலை நூலகம் மூடூல்ஸ் குடும்பத்தில் பிறந்தது. மார்க்போகே அதை எடுத்து வளர்த்தார். பிறகு அதைச் சுற்றி எழுதப்பட்ட 'ரியாக்ட்-ஆர்ட்' ரியாக்டின் சொந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே இடம்பெற்றது. ரியாக்டின் ஆரம்பகாலக் 'கிரியேட்கிளாஸ்', 'மிக்சின்' முறையைப் பார்க்கும்போது மூடூல்ஸின் 'இம்ப்ளிமென்ட்ஸ்' என் கண்ணுக்குத் தெரிகிறது. இது என் கண்ணின் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம்: ரியாக்ட் மொழியின் தாய் அச்சுகளைத் தொடுவதில்லை. அந்தச் சூடு கண்டவர்கள் பலர் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளமில்லாமல் இரவு நேரத்தில் செய்த வேலையின் தரத்தைப் பார்த்து ஒரு நிறுவனம் கூப்பிட்டால் போவதுதான் இயல்பு. இப்படிப்பட்ட ஆட்கள் எந்தத் திட்டத்திலிருந்தும் போவார்கள். ரெசிக்கும் ஜேகுவெரியின் அன்றாட வேலையிலிருந்து விலகினார். ஜேகுவெரியில் வடத்தைப் பிடிக்க அடுத்த கை இருந்தது. 2012-இல் அறக்கட்டளையே அமைந்துவிட்டது. மூடூல்ஸில் ஐந்தாறு பேர் எழுந்து போனதும் பட்டறையில் பாதி இருக்கை காலி. ரசனையை எழுதிவைக்காமல் உடம்பில் வைத்திருந்த தொழில் அது; உடம்பு போனால் ரசனையும் கூடப் போகும்.

மிச்சமிருந்த ஆற்றல் 2.0 என்ற கனவில் செலவானது. அடிப்படையிலிருந்து திரும்ப எழுதுவது, மொழியின் அச்சுகளைத் தொடாமல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது என்று பேச்சு நடந்தது. புரொயேத்தியே அந்த வழியில் 'பிரைம்', 'எலிமென்ட்ஸ்', புதிய 'மூஎஃப்எக்ஸ்' என்று தனித்தனி நூலகங்களை எழுதினார். யோசனை சரி. ஆனால் மூடூல்ஸ் 2.0 என்ற பெயரில் எதுவும் வரவில்லை. வரப்போகிறது என்று காத்திருந்தவன் 1.4-இல் புதிதாக எதையும் தொடங்க மாட்டான், நானும் தொடங்கவில்லை.

அதன்பின் பங்களிப்பின் முகமே மாறியது. 2014-இல் 1.5, 2016 ஜனவரியில் 1.6.0. இவற்றின் மாற்றக் குறிப்புகளைப் படித்தால் புது அசைவூட்டமோ புது வகுப்போ பெரிதாகத் தென்படாது. தரநிலையோடு மோதும் மெத்தட்களின் அழைப்பு முறையை மாற்றுவது, புதிய உலாவியில் உடைந்ததைக் கட்டுவது, சோதனைகளை ஓடவைப்பது. சிற்பிகள் போனபின் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களின் வேலை. அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். அந்த வேலையைப் பார்த்து யாரும் எந்த நிறுவனத்துக்கும் கூப்பிடப்போவதில்லை. கோர் நூலகத்தின் கடைசி வெளியீடு அந்த 1.6.0 தான்.

மூன்று முறை அழைத்தார்கள்

ஒரு திட்டத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க நட்சத்திர எண்ணிக்கையோ பதிவிறக்க எண்ணிக்கையோ உதவாது. வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூடூல்ஸை நிலத்துக்காரர், அதாவது மொழியின் தரநிலையும் அதைச் செயல்படுத்தும் உலாவிகளும், மூன்று முறை கூப்பிட்டார்.

முதல் முறை 2012. சரங்களுக்குக் 'கன்டெய்ன்ஸ்' என்ற மெத்தடை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 17ஆம் பதிப்பு கொண்டுவந்தது. மூடூல்ஸ் 1.2, அப்படி ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் தன்னுடையதை வைக்கும். இப்போது உலாவியிலேயே இருந்ததால் தன்னுடையதை வைக்கவில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் வேறு: மூடூல்ஸில் இரண்டாவது மதிப்பு சொற்களைப் பிரிக்கும் குறி, உலாவியில் அது தேடத் தொடங்கும் இடம். தளங்கள் உடைந்தன. ஃபயர்ஃபாக்ஸ் அந்த மெத்தடை 17-இல் நிறுத்திவைத்துவிட்டு மூடூல்ஸ் குழுவைத் தொடர்புகொண்டது. குழுவும் நாலு வருடப் பழைய கிளையைத் தூசி தட்டி 1.2.6 என்ற திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அடுத்த ஃபயர்ஃபாக்ஸிலேயே மெத்தட் திரும்பி வந்தது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இருந்தது.

இரண்டாவது முறை 2014. இம்முறை பட்டியல்களுக்கும் 'கன்டெய்ன்ஸ்' கொண்டுவரப் பார்த்தார்கள். மறுபடி மூடூல்ஸ் தளங்கள் உடைந்தன. நூலகத்தைத் திருத்தினாலும், தளங்களில் நகல் எடுத்துப் போட்ட பழைய கோப்பை யார் போய் மாற்றுவது என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தரநிலைக் குழுவான டிசி39 பெயரையே விட்டுக்கொடுத்தது. சரத்துக்கும் பட்டியலுக்கும் 'இன்க்ளூட்ஸ்' என்று ஆனது.

மூன்றாவது முறை 2018 மார்ச். பட்டியலைத் தட்டையாக்கும் 'ஃப்ளாட்டன்' ஃபயர்ஃபாக்ஸின் 'நைட்லி' என்ற சோதனைப் பதிப்பில் வந்ததும் மக்கள் நிறையப் பயன்படுத்தும் ஒரு தளம் உடைந்தது. காரணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மூடூல்ஸ் தன் 'ஃப்ளாட்ட'னை உலாவியின் 'ஃப்ளாட்ட'னுக்கு மேலேயே எழுதிவிடும். ஆகவே குண வேறுபாட்டால் சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த வரியில். மூடூல்ஸுக்கு 'எலிமென்ட்ஸ்' என்று தனக்கான ஓர் உறுப்புத் தொகுதி உண்டு. பட்டியலின் தாய் அச்சில் என்னென்ன இருக்கிறதோ அவற்றை ஒரு சுற்று எண்ணி, ஒவ்வொன்றாக அதில் நகல் எடுத்துவைக்கும். அந்தச் சுற்றில் எண்ணத்தக்கவை மட்டும்தான் கண்ணில் படும். நாமாகச் சேர்த்த பெயர் எண்ணத்தக்கது. உலாவி கொடுத்த பெயர் எண்ணத் தகாதது. உலாவி கொடுத்த பெயரின் மேல் நாம் புது நிரலை எழுதினாலும் அந்தத் தகாமை அப்படியே நீடிக்கும். அதனால், உலாவியில் 'ஃப்ளாட்டன்' பிறந்த அன்றே மூடூல்ஸின் சொந்த 'ஃப்ளாட்டன்' கணக்கெடுப்பிலிருந்து மறைந்தது. 'எலிமென்ட்ஸ்' தொகுதிக்கு அது போய்ச் சேரவில்லை. அங்கே அதைக் கூப்பிட்ட நிரல் விழுந்தது.

பெயரை 'ஸ்மூஷ்' என்று மாற்றலாம் என்று மைக்கேல் ஃபிகாரா விளையாட்டாக ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். நசுக்குவது, அப்புவது என்ற பொருள். பலர் அதை மெய்யென்று நம்பி, செத்துப்போன நூலகத்துக்காக மொழியைக் கெடுக்கிறார்களே, அந்தத் தளங்கள் உடைந்தால் உடையட்டும் என்று கொதித்தார்கள். கொதித்தவர்களில் எத்தனை பேர் மூடூல்ஸின் ஒரு வரியையாவது படித்திருப்பார்கள் என்று அப்போது யோசித்தேன். மூடூல்ஸ் பக்கத்திலிருந்து இந்த முறை புதிய வெளியீடு எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை என்பது 2014-இலேயே தெரிந்துபோன சங்கதி. கைவிடப்பட்ட தளங்களில் புதிய கோப்பை யாரும் ஏற்றப்போவதில்லை.

மே மாதம் டிசி39 கூடி 'ஃப்ளாட்' என்று பெயரைச் சுருக்கியது. அந்த ஆண்டே உலாவிகளில் வந்தது, 2019ஆம் ஆண்டுத் தரநிலையில் ஏறியது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணா, மற்ற மொழிகளில் எல்லாம் 'ஃப்ளாட்டன்' என்று இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் 'ஃப்ளாட்'?" பதில் சொல்லத் தொடங்கினேன். மதிய உணவு நேரம் முடிந்தும், நான் 2008 ஜூனில்தான் நின்றுகொண்டிருந்தேன்.